கணக்கு எங்கே?

கேள்வி: ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போடுவதைத் தவிர, சாமானியனால் அரசியலில் என்ன மாற்றிவிட முடியும்? (வாசகர், தேனி)

பதில்: கணக்குக் கேட்கலாம். மேடையில் திட்டினால் சிரித்துக்கொண்டே போகிறவர்களுக்கும், ரசீது கேட்டால் வியர்த்துவிடும்!

ராஜஸ்தானில் 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள், சிறு விவசாயிகள். அரசு வேலைக்குச் சட்டப்படியான கூலி கேட்டார்கள். 'நீ செய்த வேலை குறைவு, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது' என்று பதில் வந்தது. சரி, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்கள். 1994-ல் ஊர் நடுவே கூட்டம் போட்டுக் கணக்குகளை உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. கணக்கைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. 2005-ல் தேசிய அளவில் தகவல் உரிமைச் சட்டம். (தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் போட்டது, விதிவிலக்குகள்தான் ஏராளம்.)

உங்கள் ஊர்ச் சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிட்டதா? ஒப்பந்தத் தொகையையும் செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்டு, அந்தச் சட்டப்படி மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். வந்த பதிலோடு கிராமசபைக்குப் போங்கள். தனியாக வேண்டாம், தெருவையே கூட்டிக்கொண்டு போங்கள்.