சில்லறைப் பாக்கெட்டில் பெரிய கோயில்

கே: பேங்கில் சில்லறைப் பாக்கெட் வாங்கி அதில் அபூர்வக் காசு தேடலாம் என்கிறார்களே, எப்படி ஆரம்பிப்பது ஐயா? (திருவையாறு வாசகர்)

ப: நூறு ரூபாய் போதும். அமெரிக்காவில் காசுகளைக் காகிதத்தில் உருளையாகச் சுற்றித் தருவார்கள். 1964 வரை அங்கே அடித்த கால் டாலரில் 90 சதவீதம் வெள்ளி என்பதால், அந்த உருளைகளைப் பிரித்துத் தேட ஒரு கூட்டமே உண்டு. நமக்குக் கிடைப்பது பாலிதீன் பை. பைக்கு நூறு காசு. ஒரு ரூபாய்ப் பை நூறு ரூபாய், ஐந்து ரூபாய்ப் பை ஐந்நூறு. முதலில் ஒரு ரூபாயில் கை பழகட்டும், பிறகு ஐந்துக்குப் போங்கள். சுவையெல்லாம் ஐந்து ரூபாயில்தான் இருக்கிறது.

போகும் நேரம் முக்கியம். மாத முதல் வாரம் வேண்டாம். நெல் கொள்முதல் பணம் கணக்கில் ஏறி ஊரே பாஸ்புக்கோடு வரிசையில் நிற்கும் நாளில் சில்லறை கேட்டால் அடுத்தவர் வேலை கெடும். கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, “புது மூட்டை வேண்டாம், புழங்கின காசு கொடுங்கள்” என்று கேளுங்கள். நாணயச்சாலையிலிருந்து நேராக வந்த மூட்டையில் எல்லாக் காசும் ஒரே வருடம், ஒரே முகம். கடைக்காரரும் கோயிலும் கட்டிய சில்லறையில்தான் முப்பது வருடம் கலந்து கிடக்கும். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் காசு குறைந்தால் கேஷியருக்கும் மகிழ்ச்சியே.

கே: எந்தக் கிளையில் நல்ல காசு கிடைக்கும்? (பாபநாசம் வாசகி)

ப: கோயில் உண்டியல் பணம் கட்டப்படும் கிளை. வேறு யோசனையே வேண்டாம்.

காரணம் உங்கள் வீட்டுச் சாமி மாடத்திலேயே இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து குலதெய்வத்துக்கு வைக்கிறோம். காய்ச்சல் இரண்டே நாளில் போய்விடும். கோயிலுக்குப் போவது அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளி, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனபிறகுகூட முடிச்சு அப்படியே இருக்கும். கடைசியில் ஒருநாள் வைத்தீஸ்வரன்கோயிலிலோ சுவாமிமலையிலோ அது உண்டியலில் விழும். இருபது, முப்பது வருடம் யார் கையிலும் தேயாத காசு! நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் முடிந்து வைக்கும் குடும்பங்களும் இங்கே உண்டு. டெல்டாவில் பழைய சில்லறையை இத்தனை பத்திரமாகக் காத்துக் கொடுப்பது நேர்த்திக்கடன்தான்.

கே: எதைப் பார்த்து எடுத்து வைப்பது? எல்லாக் காசும் ஒன்றுபோல்தானே இருக்கிறது? (மன்னார்குடி வாசகர்)

ப: தஞ்சாவூர்க்காரர் கேட்கவே கூடாத கேள்வி. நம் ஊரே காசில் ஏறியிருக்கிறது, அதுவும் இரண்டு முறை!

1995 ஜனவரியில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு தஞ்சையில் நடந்தது. அதன் நினைவாகத் திருவள்ளுவர் உருவத்தோடு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என மூன்று காசுகள் வந்தன. மாநாட்டுக்குப் போட்ட பந்தலை இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாநாட்டின் காசு சட்டைப்பையில் கிடந்து எத்தனை டீக்கு மாறிப் போனதோ, யாரும் கவனித்ததில்லை. மூன்றையும் சேர்ப்பதையே முதல் இலக்காக வையுங்கள்.

அடுத்தது 2010. ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்தபோது, கோயில் படத்தோடு மஞ்சள் நிற ஐந்து ரூபாய் வெளியானது. நிக்கல் கலந்த பித்தளை. இதுவும் புழக்கத்துக்கு வந்த காசுதான், இன்றும் செல்லும்.

ஐந்து ரூபாய்ப் பையில் நம்மவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். காமராஜர் நூற்றாண்டுக் காசில் 2003 என்றிருக்கும். அண்ணா நூற்றாண்டுக் காசு 2009-இல் வந்தது. அதில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. 2010-ஐச் சேர்ந்தது சி. சுப்பிரமணியம் காசு. மத்திய உணவு அமைச்சராக இருந்து வீரிய ரக விதைகளை நாட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். நெல் விளையும் ஊரில் அவர் முகத்தைத் தெரியாமல் செலவழிக்கலாமா?

கே: பெரிய கோயில் ஆயிரம் ரூபாய்க் காசு பேங்கில் கிடைக்குமா? (வல்லம் வாசகர்)

ப: கிடைக்காது. 2010-இல் வந்த அந்த வெள்ளிக் கலப்புக் காசு, சேகரிப்பவர்கள் நாணயச்சாலையில் பணம் கட்டி வாங்கியது. இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய்க் காசு நம் கோயிலைத் தாங்கி வந்தது. அதற்கு முன்பே 1954-இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டிலும் பெரிய கோயில்தான். 1978 ஜனவரியில் அந்த நோட்டைச் செல்லாது என்று அறிவித்தார்கள்.

கே: வருடத்துக்குக் கீழே சில காசில் நட்சத்திரம், சிலதில் புள்ளி இருக்கிறதே, ஏன்? (பட்டுக்கோட்டை, பிளஸ் ஒன் மாணவர்)

ப: சபாஷ் தம்பி, கண் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது. நட்சத்திரம் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. வைரக்கல் போன்ற சாய்சதுரம் மும்பை. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. அடித்த ஊரின் முத்திரை அது. ஒரே வருடத்தில் நான்கு ஊரிலும் அடித்த காசைச் சேர்த்துப் பார், ஒரு கோடை விடுமுறை போதாது.

சில்லறைப் பஞ்சம் வந்த காலங்களில் வெளிநாட்டிலும் நம் காசை அடித்து வாங்கியிருக்கிறார்கள். 1985-ஆம் வருட ஒரு ரூபாயில் ஆங்கில ‘எச்’ எழுத்து இருந்தால் அது பர்மிங்ஹாமில் பிறந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, ஸ்லோவாக்கியா வரைக்கும் ஆர்டர் போனது. ஒரு லென்ஸ் வாங்கிக்கொள்.

இன்னொரு சோதனை. காசை நேராகப் பிடித்து, பக்கவாட்டில் புத்தகத்தின் பக்கம்போலத் திருப்பு. பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு விலகிய காசு. அதைத் தனியே எடுத்து வை.

கே: வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருந்தால் பத்து லட்சம் என்று போனில் விளம்பரம் வருகிறதே? (கும்பகோணம் வாசகி)

ப: அம்மா, போனைக் கீழே வைத்துவிடுங்கள். அந்தக் காசு 2012-இல் ஏராளமாக அடித்துப் புழக்கத்துக்கு விட்டது. “பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள்” என்று உங்களிடமே பணம் பறிப்பதுதான் அவர்கள் தொழில். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வியாபாரம் பேசுகிறவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அது யாரையும் இதற்காக நியமிக்கவில்லை, கட்டணமும் கேட்பதில்லை. உண்மையில் காசை வாங்குகிறவர் பணம் கேட்கமாட்டார், கொடுக்கத்தான் செய்வார்.

கே: அப்படியானால் வருமானமே இல்லையா? (அதே வாசகி)

ப: தேய்ந்த காசுக்கு அதில் எழுதியிருக்கும் விலைதான். அடித்த பளபளப்பு மாறாத நினைவுக் காசுக்கும் அச்சுப் பிழைக் காசுக்கும் கூடுதலாகக் கிடைக்கும். வீடு கட்ட நினைப்பவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும்.

கே: புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறதே, விலை கூடுமா? (அய்யம்பேட்டை வாசகி)

ப: விலை போயே போய்விடும். புளி குத்துவிளக்குக்கு. காசின் மேல்தோலை அது அரித்துவிடும்; சேகரிப்பவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். விபூதி, குங்குமம் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, துடைக்காமல் துணியில் ஒற்றி எடுங்கள்.

கே: நாலணா, தாமரைப் பூ போட்ட இருபது பைசா? (ஒரத்தநாடு வாசகர்)

ப: பேங்கில் வராது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டன. பாட்டியின் சுருக்குப்பையில் கேளுங்கள்.

கே: தேடி முடித்தபின் மீதி தொண்ணூறு காசை என்ன செய்வது? பத்து ரூபாய்க் காசைக் கடையில் வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். (திருவாரூர் வாசகர்)

ப: சட்டப்படி ஒரு ரூபாயையும் அதற்கு மேற்பட்ட காசுகளையும் ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம், 2011 நாணயச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பத்து ரூபாயில் பதினான்கு வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொன்னது. வாங்க மறுக்கும் கடையில் இதைச் சொல்லுங்கள். மீதியைப் பஸ்ஸில், காய்கறிக் கடையில் செலவழியுங்கள். சில்லறை கொடுக்கும் பயணியைக் கண்டக்டர் மறக்கமாட்டார். வாங்கிய கிளையிலேயே மறுநாள் கொண்டுபோய்க் கொட்டுவது மட்டும் வேண்டாம்.

கே: குறுவைக்கு உழும்போது பச்சை பூத்த செப்புக்காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதன். இதையும் விற்கலாமா? (திருவிடைமருதூர் விவசாயி)

ப: உங்கள் கையில் இருப்பது ராஜராஜன் காசாக இருக்கலாம். நிற்கும் உருவம், அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் அவன் பெயர் என்பதுதான் அந்தக் காசின் அமைப்பு. சோழருக்குப்பின் நாயக்கரும் மராட்டியரும் இங்கே காசு அடித்தார்கள். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்களும் தங்கள் ராஜா பெயரின் எழுத்துகளைப் பொறித்துக் காசு வெளியிட்டார்கள். எல்லாமே இந்த மண்ணில் கிடக்கின்றன.

ஆனால் இது பேங்க் பாக்கெட் சமாசாரம் இல்லை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். எந்த வயல், எத்தனை ஆழம், பக்கத்தில் ஓடு, செங்கல் கிடந்ததா என்று இன்றைக்கே ஒரு தாளில் குறித்துவிடுங்கள். ஆராய்ச்சியாளருக்குக் காசைவிட அந்தத் தாள் பெரிது. நாளைக் காலையில் தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மறக்காமல் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.