கிற்றார் வாசிப்பவர் பாடகராவது எப்படி?

நல்லாத்தான் வாசிக்கிறீர்கள். அதை நம்பி ஒரு கல்யாண வீட்டில் யாரோ மைக்கை நீட்டினார்கள், நீங்களும் மறுக்கவில்லை. இனிப் பின்வாங்க முடியாது. சிலாபம் முதல் கற்பிட்டி வரை எந்த மேடைக்கும் பொருந்தும் பயிற்சி இதோ. பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே செய்து வருவதுதான். ஒழுங்காகச் செய்தால் போதும்.

1. சுருதியை விரல் தீர்மானிக்கட்டும். ஜி, சி, டி மூன்றும் கைக்குப் பழகியவை, ஆகவே எல்லாப் பாட்டும் ஜி-யில். எஃப் பிடித்தால் சுட்டுவிரல் வலிக்கும்; உங்கள் குரல் அந்தச் சுருதியில்தான் எடுபடும் என்றாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். கப்போ என்று ஒரு சின்னக் கவ்வி இருக்கிறது. கழுத்தில் ஒரு கட்டம் தள்ளிப் பூட்டினால் அரைச் சுருதி ஏறும். அதே கோட்ஸைப் பிடித்தபடி குரலுக்கேற்ற இடத்தில் பாடலாம். வாங்கிவிட்டீர்களா? கிற்றார் உறையின் பக்கப் பையில் போட்டு சிப்பை இழுத்துவிடுங்கள்.

2. குனியுங்கள். தாடை நெஞ்சில் முட்ட, கண் இடக்கை விரலில் இருக்க, கிற்றார் பெட்டி வயிற்றை அமுக்க வேண்டும். மூச்சு இறங்க இடமிராது. அரை வரியிலேயே மூச்சு தீர்ந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உணர்ச்சிவசப்பட்டதாக நினைப்பார்கள்.

3. கம்பியைக் கவனியுங்கள், தொண்டையை அல்ல. பாட்டுக்குப் பாட்டு ஃபோனை எடுத்து ஆறு கம்பியையும் சுருதி பாருங்கள். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் துணியால் துடையுங்கள். தொண்டைக்கு ஐஸ் போட்ட சோடா போதும். இடையிடையே நன்றாகச் செருமுங்கள்: செருமும்போது குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதும், மோதி மோதி வீங்கும், வீங்கினால் மறுபடியும் செருமத் தோன்றும். மே மாதம் தொடங்கும் சோளகக் காற்றில், கற்பிட்டிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிச் சறுக்கும் இடத்தில், காற்றை எதிர்த்து வாயைத் திறந்து இரண்டு மணி நேரம் பாடிப் பழகுவது இன்னும் விசேஷம்.

4. எட்டாத சுரம் வரும்போது கம்பியை ஓங்கி அடியுங்கள். கிற்றார் சத்தம் கூடினால் உங்களை அறியாமலே கத்துவீர்கள். கத்தினால் ஸ்பீக்கர்காரர் எக்கோவைக் கூட்டுவார். அதற்குப் பிறகு எது நீங்கள், எது எக்கோ என்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாது.

5. ஊரில் நன்றாகப் பாடுகிறவர்கள் பக்கம் தலைகாட்டாதீர்கள். இது முக்கியம். உடப்பில் கரைவலை இழுப்பவர்கள் அம்பா பாடுவார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, இழுவைக்கு ஏற்ப மூச்சு வந்து போகும். அத்தனை பேர் கையிலும் கயிறு, ஆனாலும் ஒருவர் குரலும் அலைச் சத்தத்தில் மூழ்குவதில்லை. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பையடி. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் அங்கே மஞ்சா பாடுகிறார்கள். போத்தலைத் தட்டுகிறார்கள், சிரட்டையைத் தட்டுகிறார்கள். மெல்லத் தொடங்கிப் போகப்போக வேகம் பிடிக்கிறார்கள். பாட்டும் ஆட்டமுமாக இருக்கிறவர்களுக்கு எக்கோ எதற்கு? பார்த்தால் உங்கள் தன்னம்பிக்கை போய்விடும். (என்னைக் கேட்டால், பைலாப் பாட்டுக்குத் தாளம் பிடிக்கப் புத்தளம் மாவட்டத்தில் மஞ்சாவைவிட நல்ல வகுப்பு இல்லை. ஆகவேதான் எச்சரிக்கிறேன்.)

6. பாடியதைப் பதிவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் குரல் எலும்பு வழியாகவும் காதுக்குள் வருவதால் உங்களுக்கு மட்டும் கனமாகக் கேட்கிறது. அந்தச் சலுகையை இழப்பானேன்?

7. கடைசியில் ‘சுராங்கனி’. சிலோன் மனோகர் புண்ணியத்தில் சனம் முழுக்கத் தானாகப் பாடும். மைக்கைச் சனத்தின் பக்கம் திருப்பிவிட்டு, வாயை மட்டும் அசையுங்கள், வலக்கை நிற்கக்கூடாது.

8. இறங்கி வரும்போது பெண்ணின் பெரியப்பா தோளில் தட்டி, “தம்பி, நல்லா வாசிச்சீங்க” என்பார். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நின்று யோசிக்காதீர்கள். புரியாணி முடிவதற்குள் போய் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் அவருடைய மகளுக்கு எப்போது கல்யாணம் என்று விசாரியுங்கள்.