கோயம்புத்தூர் வண்டி

தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பஸ்தனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நெல்லைத் தவிர மற்றதெல்லாம் வெளியூரில்தான் நன்றாக இருக்கும். கூப்பிடு தூரத்தில் திருபுவனம் இருக்க, பட்டுப் புடவைக்குக் காஞ்சிபுரம் போவான். சேற்று உழவுக்கென்றே பிறந்த உம்பளாச்சேரி மாடு திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்திலேயே இருக்க, எங்கள் தாத்தா மணப்பாறைச் சந்தைக்குப் போய் மாடு பிடித்து வந்தவர். அதையும் சும்மா கொண்டுவர மாட்டார். ஊர் எல்லையில் நிறுத்திக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, எல்லோரும் பார்க்கிற நேரமாகப் பார்த்துத் தெருவுக்குள் ஓட்டி வருவாராம். அந்த மாடு அதற்குப் பிறகு உழுததா என்பதைப் பற்றிக் குடும்ப வரலாற்றில் தகவல் இல்லை.

இப்படிப்பட்ட வம்சத்தில் வந்தவன், பழைய கார் வாங்குவது என்று முடிவானதும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் விலைக்கு நிற்கிற வண்டியை ஏறெடுத்துப் பார்ப்பானா?

முதலில் சென்னை என்றுதான் நினைத்தேன். மைத்துனன் குறுக்கே விழுந்தான். "மெட்ராஸ் வண்டி மட்டும் வேண்டாம் அத்தான். 2015 வெள்ளத்துல நின்னது, 2023 மிக்ஜாம் புயல்ல மிதந்ததுன்னு எல்லாம் கழுவித் தொடச்சு, சென்ட் அடிச்சு நிக்கும்." சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பார்க்க வேண்டுமாம், அடி நுனியில் சேற்றுக் கறை இருந்தால் குளித்த வண்டி. சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளத்தில் துரு இருந்தாலும் குளித்த வண்டி. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்க்க வேண்டுமாம். அவன் சொன்னதெல்லாம் உண்மைதான். அதற்காக அவன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காருக்குள் தலையை விட்டு முகர்ந்து காட்டியிருக்க வேண்டாம்.

அடுத்து டெல்லி. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்ததும், அதனால் வயது நெருங்கிய வண்டிகள் மலிவாகத் தெற்கே வந்ததும் ஊரறிந்த விஷயம். ஆனால் அங்கிருந்து என்ஓசி வாங்க வேண்டும், இங்கே வரி கட்டிப் புது நம்பர் வாங்க வேண்டும், நடுவில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வரவும் வேண்டும். "டெல்லிக்கா?" என்றாள் என் மனைவி. "திருச்சிக்குப் பஸ்ஸுல போனாலே துவாக்குடியில தலைவலிம்பீங்க." டெல்லி அத்தோடு முடிந்தது.

மிச்சம் இருந்தது கோயம்புத்தூர். பழைய கார் உலகத்தில் 'கோயம்புத்தூர் வண்டி' என்பது ஒரு ஜாதகக் குறிப்பு. சொன்ன மாத்திரத்தில் எதிராளி தலையாட்ட வேண்டும். ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியதை நான் எடுத்துச் சொன்னேன். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், 2005இல், அதே கோயம்புத்தூர்க்காரர் என்று மைத்துனன் எடுத்துக் கொடுத்தான். இதற்கும் நான் வாங்கப் போகிற பதினோரு வயது வெள்ளைச் சின்னக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காசு மிச்சமாகியிருக்கும்.

விற்றவர் ஓய்வுபெற்ற பெரியவர். ரொம்ப மரியாதை. "ஏனுங், வண்டி தங்கமுங். நம்ம பொண்ணு காலேஜுக்குப் போயிட்டு வந்ததுதானுங். மழையில நனைஞ்சதே இல்லீங்" என்றார். மழையையே பார்க்காத வண்டியை ஐப்பசியில் வீட்டுத் திண்ணை வரை தண்ணீர் ஏறுகிற ஊருக்குக் கொண்டு போகிறோமே என்று எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

பானெட்டைத் திறந்து காட்டினார். குனிந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் இருந்தது. ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் வாங்குகிறவன் சும்மா நிற்கக் கூடாது. தாத்தா மாட்டுக்குச் சுழி பார்த்தார், வாயைப் பிளந்து பல் பிடித்துப் பார்த்தார், வாலை முறுக்கி நாலு அடி நடக்க விட்டார். நான் கதவைத் திறந்து சாத்தினேன், ஹாரன் அடித்தேன், டயரை ஓர் உதை உதைத்தேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெருவிரலுக்குத்தான் மூன்று நாள் வெந்நீர் ஒத்தடம்.

பிறகு விலை. மாட்டுச் சந்தையில் தரகர் மேல்துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவார். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட விலை தெரியாது. அந்தத் துண்டின் அருமை எனக்கு அன்றுதான் விளங்கியது. நான் தொண்டையைச் செருமி, "ரெண்டு லட்சம்னா..." என்று ஆரம்பிக்கிறேன். மைத்துனன் சபை நடுவில், "ரெண்டே கால் வரைக்கும் போலாம்னு பஸ்ஸுல சொன்னீங்களே அத்தான்" என்றான். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ரெண்டே காலுக்கு முடிந்தது.

காகித விஷயத்தில் பெரியவர் கெட்டி. வாங்கிப் போனவன் ஆர்சியில் பெயர் மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், அவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெரியவர் அதைக் கரைத்துக் குடித்திருந்தார். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்ற மனுப் போட வேண்டும். எல்லாவற்றையும் விரல் விட்டுச் சொல்லி, நான் சாவி வாங்குவதை, வாங்கிக்கொண்டு சிரிப்பதை, நம்பர் பிளேட் பக்கத்தில் நிற்பதைத் தேதி நேரத்தோடு படம் எடுத்துக்கொண்டார். இத்தனை கெட்டிக்காரரும் ஒன்றை விட்டுவிட்டார். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பாஸ்டேகைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

சுமார் 260 கிலோமீட்டர். மைத்துனன் ஓட்டினான். என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பல்லடம் தாண்டியதும் வீட்டிலிருந்து போன். "காங்கேயம் வழியாத்தானே வர்றீங்க? தேங்காய் எண்ணெய் ரெண்டு டின் வாங்கிடுங்க." வெள்ளக்கோவிலில் மறுபடி போன். "கரூர்ல போர்வை மலிவாமே?" அவள் வீட்டில் உட்கார்ந்தபடியே எங்கள் சாலை வரைபடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். கரூரிலிருந்து கிளம்பியபோது பின் சீட்டில் ஆள் உட்கார இடமில்லை.

மணவாசிச் சுங்கச்சாவடியில் தடுப்புக் கட்டை தானாக எழுந்து வழி விட்டது. "பாருங்க அத்தான், கோயம்புத்தூர் வண்டிக்கு இருக்கிற மரியாதைய!" என்றான் மைத்துனன். சற்று நேரத்தில் போன் அடித்தது. பெரியவர். "ஏனுங், மணவாசி தாண்டிட்டீங்களாட்ட இருக்குதுங்?" எனக்குப் புல்லரித்துவிட்டது. விற்ற பிறகும் வண்டியின் மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன். பாசம் இல்லை, பாஸ்டேக். காசு அவர் கணக்கிலிருந்து போயிருக்கிறது. அவர் அதைச் சொல்லவில்லை. "பாத்துப் போங்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கேட்டு வாங்குகிறவரைச் சமாளித்துவிடலாம். கேட்காமல் இருக்கிறவரிடம் என்ன செய்வது? மானம் போகிறதே என்று உடனே போனிலேயே பணம் அனுப்பினேன்.

குளித்தலை நெருங்கும்போது இன்ஜின் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. சித்திரை வெயில். பானெட் ஓரத்திலிருந்து ஆவி. இடது பக்கம் சாலையை ஒட்டிக் காவிரி. ஓரமாக நிறுத்திவிட்டு மைத்துனன் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினான், போன வேகத்தில் திரும்பினான். "அத்தான், காவிரில தண்ணி இல்ல." தஞ்சாவூர்க்காரனிடம் சொல்கிற சேதியா இது? மேட்டூரை ஜனவரி 28இல் மூடுவார்கள், ஜூன் 12இல் திறப்பார்கள், அதுவும் அணையில் இருந்தால். நடுவில் கண்ணுக்கெட்டிய வரை மணல், எங்கோ தூரத்தில் கோடு கிழித்த மாதிரி ஓர் ஓடை. காவிரிக் கரையில் நின்றுகொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர்ப் பாட்டிலை இருபது ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

மூடியில் கை வைக்கப் போனவனை, வெள்ளரிக்காய் விற்கிற அம்மா ஒரு சத்தம் போட்டு நிறுத்தினார். "இப்பத் திறந்தீன்னா மூஞ்சி வெந்துபூடும். செத்த பேசாம உக்காரு." அவர் சொன்னது மெத்தச் சரி. கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்தால் வெந்நீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். தானாக ஆற விட வேண்டும். ஆறுகிற வரை வெள்ளரிக்காய் தின்றோம். அவருக்கு அன்று நல்ல வியாபாரம்.

பைக்கில் வந்த மெக்கானிக் பையன் உள்ளே கையை விட்டு, ரப்பர் ஹோஸைத் தடவி, ஒரு கிளிப்பைத் திருகினான். அவ்வளவுதான். தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "கோயம்புத்தூராண்ணே?" என்றான்.

"இல்ல தம்பி, தஞ்சாவூர். வண்டியத்தான் கோயம்புத்தூர்ல வாங்கிட்டு வர்றோம்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு நிஜமான அக்கறையோடு கேட்டான்: "ஏண்ணே, தஞ்சாவூர்ல கார் விக்க மாட்டாங்களா?"

வாழவந்தான்கோட்டைச் சுங்கச்சாவடி தாண்டியதும் மறுபடி பெரியவர். "மணவாசியிலிருந்து இவ்வளவு நேரம் ஆயிடுச்சுங்களே. வண்டி ஏதாச்சும் மக்கர் பண்ணுச்சுங்களா?" வெள்ளரிக்காய் தின்றோம் என்றேன். அதில் பொய் இல்லை.

புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலில் மனைவியும் அம்மாவும் காத்திருந்தார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். நசுக்கியாயிற்று. போர்வைகளை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். சாலியமங்கலத்தில் திரும்பி ஊருக்குள் போகிற சாலையில் நுழைந்தால் போக வழி இல்லை. சாலை முழுக்க உளுந்துச் செடி.

சம்பா அறுவடைக்கு முன்னால் ஈர வயலில் தெளித்த உளுந்தைப் பங்குனி, சித்திரையில் பறித்துத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் காய் வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும். ஆள் கூலி மிச்சம். மைத்துனன் மெல்ல ஏற்றினான். சக்கரத்துக்கு அடியில் சடசடவென்று காய் வெடித்தது. தலையில் முக்காடு போட்ட கிழவி ஒருத்தி, கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டே வந்து ஜன்னலைத் தட்டினாள்.

"யாரு, நம்ம வீட்டுத் தம்பியா? புது வண்டியா? நல்லாருக்கு. செத்த பின்னால வா."

வந்தோம்.

"இப்ப முன்னால போ. இந்த ஓரமா. அங்க இன்னும் மிதிபடல பாரு."

போனோம். இந்த வண்டியின் முதல் உத்தியோகம் போரடித்தல். தாத்தாவின் மணப்பாறை மாடுகூடச் செய்ததாகத் தகவல் இல்லாத வேலையை இது ஊருக்குள் நுழைவதற்கு முன்பே செய்து முடித்தது. கடைசியில் செடி அச்சில் சுற்றிக்கொண்டு வண்டி நின்றது. காய்ந்த செடி சூடான சைலன்ஸரில் பட்டால் தீப்பிடிக்கும் என்று மைத்துனன் அலற, அம்மாவைத் தவிர எல்லோரும் சாலையில் மண்டியிட்டுப் பிடுங்கினோம். கிழவி சும்மா விடவில்லை. கூலியாக ஒரு படி உளுந்து அளந்து போட்டாள்.

அன்றிரவு தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மனைவி கணக்குப் போட்டாள். இதே வண்டி, இதே வயசு, தஞ்சாவூரில் ரெண்டரைக்குச் சொன்னார்கள், பேசினால் 2,35,000க்கு வந்திருக்கும். மிச்சம் 10,000. செலவுப் பக்கத்தில் பஸ், லாட்ஜ், பெட்ரோல், சுங்கம், மெக்கானிக், வெள்ளரிக்காய், எண்ணெய், போர்வை, அர்ச்சனை எல்லாம் சேர்த்து 11,400. "போர்வையும் எண்ணெயும் நீ சொல்லித்தானே..." என்றேன். "அது ரெண்டுதான் இதுல உருப்படி" என்றாள். நஷ்டம் 1,400, உளுந்து ஒரு படி நீங்கலாக.

ஆர்சியில் இப்போது என் பெயர் ஏறிவிட்டது. ஒரே மாநிலத்துக்குள் கைமாறினால் நம்பர் மாறாது என்பதால் டிஎன் 38 மட்டும் அப்படியே இருக்கிறது. தஞ்சாவூரின் 49 கிடையாது. கும்பகோணத்தில் டீக்கடை வாசலில் நிறுத்தினால், "கோயில் பாக்க வந்தீங்களா? நவக்கிரகமா?" என்று அன்போடு வழி சொல்கிறார்கள். நானும் "ஆமாங்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

வெளியூரில் வண்டி வாங்கக் கிளம்புகிற குடும்பஸ்தர்களுக்கு மூன்று வார்த்தை. உள்ளூர் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப் போங்கள், அவர் ஒருநாள் கூலி எல்லாவற்றையும்விட மலிவு. பணம் கைமாறுவதற்கு முன்பே விற்கிறவர் பாஸ்டேகை முடிக்கச் சொல்லிவிடுங்கள், பிறகு உங்கள் பெயரில் புதிது ஒட்டிக்கொள்ளுங்கள். மைத்துனரைத் தாராளமாக அழைத்துப் போகலாம், விலை பேசுகிற நேரத்தில் மட்டும் டீ வாங்கி வர அனுப்பிவிடுங்கள்.