மாமா பதில்கள்: பனியும் வெள்ளாமைதான்!

கேள்வி: நமக்கும் மேற்கே மலைதானே? காஷ்மீரின் குல்மார்க் மாதிரி இங்கே ஏன் பனிச்சறுக்கு இல்லை? (கான்சாபுரம்)

பதில்: உயரத்தில் குறையில்லை, மாப்ளே! நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர், குல்மார்க் ஏறக்குறைய 2,650. ஒரு தென்னை உயரம்தான் வித்தியாசம். ஆனால் குல்மார்க் இருப்பது 34-ஆவது அட்சரேகையில், நாம் அதற்கு வெகு தெற்கே. சூரியன் அங்கே விருந்தாளி, நமக்கு வீட்டு மாப்பிள்ளை. கிளம்பவே மாட்டான்!

கேள்வி: அவ்வளவு பனியை யார் அனுப்புகிறார்கள்? (கூமாபட்டி)

பதில்: மத்தியதரைக் கடல். அங்கே கிளம்பும் காற்றழுத்தத் தாழ்வு ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வந்து இமயமலையில் மூட்டையை இறக்குகிறது. நமக்கு ஐப்பசியில் வங்கக் கடல் கொடுக்கும் சீர் மாதிரிதான்.

கேள்வி: சறுக்குவதற்கு முன்னால் மேலே ஏறுவது எப்படி? (ராஜபாளையம்)

பதில்: கொண்டோலா என்ற ரோப் காரில். 1998-ல் முதல் கட்டம், 2005-ல் இரண்டாவது. அபர்வத் மலையில் ஏறக்குறைய 3,980 மீட்டரில் இறக்கிவிடும். ஏற்றுவது மின்சாரம், இறக்குவது உன் முழங்கால்!

கேள்வி: உள்ளூர்க்காரர்களுக்கு இதில் என்ன லாபம்? (வத்திராயிருப்பு)

பதில்: நல்ல கேள்வி. கீழே தாங்மார்க், சுற்றிலும் சின்னச் சின்ன கிராமங்கள். அங்கிருந்து வருகிறவர்கள்தான் குதிரை பிடிப்பார்கள், மரச் சறுக்குவண்டியில் நம்மை உட்காரவைத்துக் கயிற்றால் இழுப்பார்கள். நீண்ட ஃபெரன் அங்கிக்குள் காங்கிரி இருக்கும்: பிரம்பு பின்னிய மண்சட்டியில் தணல். 2024 ஜனவரியில் வாரக்கணக்கில் பனியே விழவில்லை. காய்ந்த புல்லில் வண்டியை எப்படி இழுப்பது? கண்மாய் வறண்டால் நம் சம்சாரி வானத்தைப் பார்ப்பாரே, அதே பார்வைதான் அங்கேயும்.

கேள்வி: தாங்மார்க் பக்கத்துப் பனிச்சறுக்கு வீரர் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 45-ஆவதுதானே? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

பதில்: பலர் பாதியில் விழுந்து வெளியேறிய ஜயன்ட் ஸ்லாலம் பந்தயம், மாப்ளே! இந்தியாவிலிருந்து போனவரே அவர் ஒருவர்தான். 140 கோடிப் பேரில் அவர் முதல் ஆள்!

கேள்வி: உத்தராகண்டில் இன்னொரு பனிச்சறுக்குத் தலமான ஔலி எப்படி? (ராஜபாளையம்)

பதில்: அழகு. ஆனால் அடிவாரத்து ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் வீடு வீடாக விரிசல், குடும்பங்கள் வெளியேறின. மேலே ஆள் சறுக்கினால் விளையாட்டு. கீழே ஊர் சறுக்கினால்? கட்டிடம் எழுப்பும் முன் மண்ணைக் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: குல்மார்க்குக்குப் பால்கோவா கொண்டுபோனால் கெடுமா? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

பதில்: குளிரில் கெடாது, வழியில்தான் தீர்ந்துவிடும். அரைக் கிலோ கூடுதலாக எடு. வண்டி இழுப்பவருக்கும் பங்கு உண்டு.