மூலம் முதல் முகப்பரு வரை

தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க நான் பழகியது சுவர்களில்தான். திருவானைக்காவல் சன்னதி வீதியிலிருந்து டிரங்க் ரோட்டுக்குப் போகிற வழியில் பால் பூத்தை ஒட்டிய சுவரில், மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும்: மூலம், பௌத்திரம், வெள்ளை, வெட்டை, மேகம், ஆஸ்துமா, ஆண்மைக் குறைவு, முகப்பரு. கீழே லாட்ஜ் பெயர், அறை எண், பரம்பரை வைத்தியர் வரும் தேதி. இதையெல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரக்க ஒப்பித்ததற்காக முதுகில் விழுந்த அடிக்கு மட்டும் அந்தப் பட்டியலில் மருந்து இல்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு அந்தப் பட்டியலில் இல்லாத வியாதியே கிடையாது. டாக்டர்களை அவர் நம்பமாட்டார். அச்சடித்த எழுத்தை நம்புவார். "பேப்பர்ல போட்டிருக்கான்டா, பொய்யா போடுவான்?" என்பார். அவருடைய அலமாரியில் சூரணம், லேகியம், தைலம் என்று மூன்று தட்டு. நாலாவது தட்டில் காலிப் புட்டிகள். "சர் சி.வி. ராமன் 1888-ல பொறந்த ஊர்டா இது. இங்க எதையும் சோதனை பண்ணிப் பாக்காம ஏத்துக்க மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டே, பெயர் தெரியாத ஒரு கறுப்பு உருண்டையை வெந்நீரில் விழுங்குவார். சோதனை என்று அவர் சொன்னது அதைத்தான். "சோதனையெல்லாம் எனக்குத்தான்" என்பாள் பெரியம்மா, சமையலறையிலிருந்து.

பெரியப்பாவுக்கு முன்னோடிகள் உண்டு, அதுவும் பக்கத்திலேயே. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'தஞ்சாவூர் மாத்திரை' என்று ஒன்று பெரும்பேர் பெற்றிருந்தது. பாம்புக்கடிக்குக் கண்கண்ட மருந்து என்று சொன்னார்கள். அதன் பக்குவத்தை நம்மூர் வைத்தியர்கள் ரகசியமாக வைத்திருந்தார்கள். அது வெள்ளைக்காரர் கைக்குப் போனது சுவார்ட்ஸ் பாதிரியார் மூலமாக. இவர் திருச்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் 1766-ல் மாதா கோயில் கட்டியவர்; பிறகு தஞ்சாவூருக்குப் போய் சரபோஜி மன்னருக்கே ஆசானாக இருந்தவர். கும்பினியாரின் இயற்கை ஆராய்ச்சியாளரான பாட்ரிக் ரஸ்ஸல், பாம்புகளைப் பற்றி 1796-ல் எழுதி வெளியிட்ட பெரிய புத்தகத்தில் இந்த மாத்திரையைப் பற்றி விவரமாகவே எழுதியிருக்கிறார்.

உள்ளே என்ன சரக்கு? வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளம், நாவி, மிளகு. இதில் மிளகு ஒன்றைத்தான் நாம் ரசத்தில் போடுகிறோம். மற்ற நாலும் ஆளை அனுப்பி வைக்கிற சரக்கு. பாம்பு கடித்த மனிதனுக்குப் பாஷாணமும் பாதரசமும் கொடுத்து, போதாதென்று நேர்வாளத்தால் பேதிக்கும் ஏற்பாடு செய்தால், விஷம் உள்ளே நுழைந்து, இவ்வளவு கூட்டத்தில் நமக்கென்ன வேலை என்று திரும்பிவிடும் என நினைத்தார்களோ என்னவோ.

அப்படியிருந்தும் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் ஏராளம். காரணம் எளிது. நம் ஊர்ப் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. சாரைப்பாம்பு கடித்தவனுக்கு மாத்திரை கொடுத்தாலும் பிழைப்பான், மோர்சாதம் கொடுத்தாலும் பிழைப்பான். விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்காமல் விட்டுவிடும். இப்படிப் பிழைத்தவன் ஆயுள் முழுக்க மாத்திரையின் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பான். நல்லபாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தவன் நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தருவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் மருந்து வியாபாரம் முழுவதும் இந்த ஓர் அசௌகரியத்தின் மேல்தான் கட்டப்பட்டது.

ரஸ்ஸல் நாய்களுக்கும் கோழிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். ஊர் பேசிய அளவுக்கு அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. பின்னால் கல்கத்தாவில் ஜோசப் ஃபேரர் என்ற டாக்டர், பாம்புக்கடிக்கு அன்று வழக்கில் இருந்த மருந்துகளை வரிசையாகப் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, ஒன்றும் உதவாது என்று 1872-ல் புத்தகம் போட்டார். அதனால் மருந்து விற்றவர்கள் யாரும் கடையை மூடவில்லை. நான் சிறுவனாக இருந்தபோதுகூட, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருவர் கூடையில் பாம்பும் கயிற்றில் கீரியும் வைத்துக்கொண்டு, இதோ இப்போது சண்டை என்று மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். தாயத்து வாங்காமல் நடுவில் போனால் ரத்தம் கக்கிச் சாவாய் என்பதால் யாரும் நகரமாட்டார்கள். தாயத்து விற்றுத் தீரும். சண்டை மட்டும் நடக்காது. கீரிக்கும் பாம்புக்கும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இதெல்லாம் நாட்டுப்புற வைத்தியம், வெள்ளைக்காரன் விஞ்ஞானி என்று யாராவது நினைத்தால் அவர்களை தாமஸ் ஹாலோவேயிடம் அழைத்துப் போகவேண்டும். லண்டனில் 1837-ல் களிம்பு விற்க ஆரம்பித்த ஆசாமி. விளம்பரம் போட்டே கடனாளியாகி, சிறைக்கும் போய்வந்தார். வெளியே வந்ததும் விளம்பரத்தைக் குறைத்தாரா என்றால், கூட்டினார். 1842-ல் ஆண்டுக்கு 5,000 பவுன். 1883-ல் அவர் கண்ணை மூடும்போது ஆண்டுக்கு 50,000 பவுன். அவருடைய மாத்திரை ஈரலைக் குணப்படுத்தியதாக ஆல்ட்பரோ பிரபு எழுதிய கடிதம் உலகமெல்லாம் அச்சானது. பிரபுவுக்கே குணமானால் குமாஸ்தாவுக்கு ஆகாதா? மாத்திரை கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. அந்தப் பணத்தில் ஹாலோவே கட்டிய பெண்கள் கல்லூரியை 1886-ல் விக்டோரியா மகாராணியே திறந்து வைத்தார். இங்கிலாந்தில் எத்தனையோ பெண்கள் படித்து முன்னேறினார்கள். யாருடைய ஈரல் முன்னேறியது என்பதற்குக் கணக்கில்லை.

ஹாலோவேயின் போட்டியாளர் பீச்சம். இவருடைய மாத்திரைப் பெட்டியின் விலை, ஒன்றரை பென்னி குறைய ஒன்றேகால் ஷில்லிங் என்று சுற்றி வளைக்காமல் சொன்னால், பதின்மூன்றரை பென்னி. அதற்கு ஒரு கினி மதிப்பு என்பது அவருடைய விளம்பரம். 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தார் இந்த மாதிரி ரகசிய மருந்துகளை வாங்கி உடைத்துப் பார்த்துப் புத்தகம் போட்டார்கள். பீச்சம் மாத்திரையில் இருந்தது கரியபோளம், சுக்கு, சோப்பு. திருச்சி பெரிய கடைவீதியில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் முதல் இரண்டும் கிடைக்கும். மூன்றாவது மளிகைக் கடையில். 56 மாத்திரை கொண்ட ஒரு பெட்டியின் சரக்குச் செலவு அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்ற விலையை இதால் வகுத்துப் பார்த்தேன். சரியாக 108 மடங்கு. அர்ச்சனைக் கணக்குத் தவறவில்லை.

எங்கள் திருவானைக்காவல் கோயிலின் வெளி மதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். மதில் கட்டிய ஆட்களுக்கு ஈசனே சித்தராக வந்து திருநீற்றைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னானதாம். மருந்து விற்ற மகானுபாவர்களும் ஏறக்குறைய இதே அற்புதத்தைத்தான் நிகழ்த்தினார்கள். என்ன, பொன் அவர்கள் பக்கம் வந்தது, சாம்பல் நம் பக்கம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கரியபோளம் பேதிக்குப் போகவைக்கும். விளம்பரம் சொன்ன நோய்கள் தீராவிட்டாலும், ஏதோ நடந்தது என்ற திருப்தி உண்டு. அந்தக் காலத்துப் புட்டி மருந்துகளில் பாதி இப்படித்தான் வேலை செய்தது. மீதிப் பாதி போதையில். காலரா வந்தால் குளோரோடைன் என்பார்கள். இந்தியாவில் பட்டாளத்து டாக்டராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன் 1848-ல் கண்டுபிடித்தது: அபின், கஞ்சா, குளோரோஃபாம். மூன்றும் சேர்ந்தால் காலராவே வந்தாலும் கவலையில்லாமல் படுத்திருக்கலாம். திருவிழாக் கூட்டமும் காலராவும் ஒரே வண்டியில் பயணம் செய்த காலம் அது. வைகுண்ட ஏகாதசி என்றால் ஸ்ரீரங்கத்தில் பக்தர்கள் அரங்கனை நினைப்பார்கள், சுகாதார அதிகாரிகள் காலராவை நினைப்பார்கள். குளோரோடைனை நான்தான் கண்டுபிடித்தேன் என்று ஃப்ரீமன் என்பவர் கிளம்ப, வழக்கு 1864-ல் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. கண்டுபிடித்தவர் பிரவுன்தான் என்று நீதிபதி சொன்னார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு விளம்பரத்தில் முதல் வரியே நீதிபதியின் பேச்சுதான். மருந்து வேலை செய்யுமா என்று நீதிபதியை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் கோர்ட்டே சொல்லிவிட்டது என்றால் பெரியப்பாக்கள் வாங்கத்தானே செய்வார்கள்?

காலராவுக்கு உண்மையான அற்புதம் பின்னால் வந்தது: சர்க்கரை, உப்பு, தண்ணீர். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் கரைத்துக் கொடுத்து எத்தனையோ பேரைக் காப்பாற்றினார். பரம்பரை ரகசியம் கிடையாது, பிரபுவின் கடிதம் கிடையாது. பெரியப்பாவிடம் சொன்னபோது, "உப்பும் சர்க்கரையுமா? அதுல என்னடா மருந்து இருக்கு?" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டார். அப்புத்தலம், அதாவது நீருக்குரிய தலம், என்று பெயர் பெற்ற திருவானைக்காவல்காரர் தண்ணீரை அவ்வளவு சாதாரணமாக நினைத்திருக்க வேண்டாம்.

நம் ஆட்களும் வெறுமனே இருக்கவில்லை. ரயில் வந்தது, தபால் வந்தது, வி.பி.பி. வந்தது, பணத்தைத் தபால்காரரிடம் கொடுத்துப் பார்சலை வாங்கலாம், வைத்தியர் முகத்தையே பார்க்க வேண்டாம். கத்தியவாரில் ஜாம்நகரிலிருந்து மணிசங்கர் கோவிந்தஜி என்பவர் 'ஆதங்க நிக்ரஹ' மாத்திரையை நாடு முழுக்க விளம்பரம் செய்தார். கேட்டு எழுதினால் காமசாஸ்திரப் புத்தகம் இலவசம். நரம்புத் தளர்ச்சி இல்லாதவர்கள்கூடத் தபால் எழுதியிருப்பார்கள். சென்னையில் பண்டித கோபாலாசார்லு 'ஜீவாமிர்தம்' விற்றார். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்தாராம். தலைவலி எங்கே உற்பத்தியாகிறது என்று ஆராய்ந்து பார்த்த ஒரே வியாபாரி அவர்தான். ஆனால் தலைவலித் தைலத்தைத் தலைவலிக்கே விற்றார் என்பதை மறக்கக்கூடாது. அந்த வருமானத்தில் 'ஆந்திர பத்திரிகை' நடத்தி, சுதந்திரப் போராட்டத்துக்கும் செலவழித்தார். மயிலாப்பூரில் இன்றும் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. இந்தக் கட்டுரையில் வருகிற மருந்துக்காரர்களில் நான் கைகூப்புவது இவர் ஒருவருக்குத்தான்.

எல்லா வீட்டிலும் இருந்த கிரைப் வாட்டரை விட்டுவிட்டால் தாய்க்குலம் மன்னிக்காது. 1851-ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்து வில்லியம் உட்வர்ட் தொடங்கியது. அந்த மூலப் பக்குவத்தில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு ஆகியவற்றோடு சாராயமும் 3.6 சதவீதம். அழுத குழந்தை ஏன் சிரித்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வெங்காயம்கூடச் சேர்க்காத எங்கள் பாட்டிக்கு இது தெரிந்திருந்தால் பேரன் பேத்திகள் அத்தனை பேரையும் காவேரியில் முக்கி எடுத்திருப்பாள்.

இத்தனை புட்டிகளையும் பார்த்தபின் எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. பட்டியலில் நோய் கூடக் கூட, உள்ளே சரக்கு குறையும். ஒரு நோய்க்கு ஒரு மருந்து என்றால் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். நாற்பது நோய் என்றால் அதில் ஏதாவது ஒன்று தானாகவே சரியாகும். அந்தப் பெருமை புட்டிக்கு. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் தம்முடைய தன்வந்திரி மகால் வைத்தியசாலையில் இதற்கு நேர் எதிரான காரியம் செய்தார். வந்த கண்நோயாளிகளுக்கு என்ன சிகிச்சை, எப்படித் தேறினார்கள் என்று எழுதி வைக்கச் சொன்னார். அந்த ஏடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைச் சுவரில் ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை.

1954-ல் நம் நாடாளுமன்றம் அற்புத மருந்து விளம்பரங்களுக்கு எதிராக ஒரு சட்டமே போட்டது. நீரிழிவு, புற்றுநோய், ஆண்மைக் குறைவு, உடல் பருமன் என்று நீளும் அதன் அட்டவணையில் ஆளின் உயரமும் இருக்கிறது. இவற்றைத் தீர்ப்பேன் என்று விளம்பரம் செய்தால் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை. சட்டத்தின் அட்டவணையையும் பால் பூத் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்த மாதிரியே இருக்கும். சுவரொட்டி இப்போது வாட்ஸ்அப்புக்குக் குடிபோய்விட்டது, பெரியப்பா வயதுக்காரர்கள் அனுப்ப, என் வயதுக்காரர்கள் ஃபார்வர்டு செய்கிறார்கள்.

முகப்பருவுக்கு எதை வேண்டுமானாலும் தடவிக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் மட்டும் கட்டுப்போடுகிறேன், கீறுகிறேன், மிளகு கொடுத்துப் பார்க்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாமல் நேராகத் திருச்சி புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு ஊசி அங்கே இலவசம்.