பதினொரு வயதுப் புது டயறி

எலுவன்குளத்தில் ஒரு மனிசனுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊர் முடிவுகட்டியதற்கு ஓர் ஐம்பது ரூபாய்க் கொடுக்கல் வாங்கல்தான் காரணம். அந்த மனிசன் நான்.

எங்கள் ஊருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போத்தல்-பேப்பர் நானா வருவார். புத்தளம் பட்டணத்திலிருந்து வண்ணாத்திவில்லு தாண்டி வடக்கே வந்தால், கலா ஓயாக் கரையில், வில்பத்துக் காட்டின் வாசலில் கிடக்கிற ஊர் இது. மன்னாருக்குப் போகும் பழைய பாதை காட்டுக்குள் நுழைவதும் இங்கேதான். "பழைய இரும்பு, போத்தல், பேப்பர்!" என்று கூவிக்கொண்டு நானா எங்கள் ஒழுங்கையைத் தாண்டிவிட்டாரென்றால் அதற்கப்பால் யானைதான். யானையிடம் விற்கப் போத்தல் இல்லை. திரும்பித்தான் வரவேண்டும். அந்தத் திரும்பும் நேரத்துக்காகத்தான் நான் படலையில் காத்து நிற்பேன். போகும்போது ஊர் அவருக்கு விற்கும். வரும்போது அவர் எனக்கு விற்பார்.

"அந்த மனிசன் நம்மகிட்ட வாங்க வர்றாரா, விக்க வர்றாரா?" என்று என் மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது. பின்வளவில் இரண்டு கால் மேசை ஒன்றும், மணிக்கூடு இல்லாத மணிக்கூட்டுப் பெட்டி ஒன்றும் நிற்கின்றன. ஆனால் 2024 டிசம்பர் கடைசியில் அவருடைய முச்சக்கர வண்டியில் பழைய பரீட்சைத் தாள்களுக்கு அடியில் கண்டெடுத்த டயறியை யாராலும் குறை சொல்ல முடியாது. கறுப்பு மட்டை, பொன் எழுத்து, சிவப்பு நாடா. எழுத்து மட்டும் '2014' என்றிருந்தது.

"இது பழசு மாஸ்டர். வேணுமெண்டா அம்பது தாங்க" என்றார் நானா.

கணக்கு வாத்தியாராக முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். கடையில் புது டயறி ஆயிரத்தைத் தாண்டி நிற்கும்போது, வாத்தியாருக்குள்ளே இருந்த கணக்கு எழுந்து உட்கார்ந்தது. வருடத்துக்கு 365 நாள். அதாவது ஐம்பத்திரண்டு கிழமையும் ஒரு நாளும். பதினொரு வருடத்தில் பதினொரு நாள் மிஞ்சும். நடுவில் 2016, 2020, 2024 என்று மூன்று லீப் வருடம். பதினொன்றும் மூன்றும் பதினாலு. பதினாலு என்றால் சரியாக இரண்டு கிழமை. ஆகவே 2014 ஜனவரி முதலாம் திகதி புதன் என்றால் 2025 ஜனவரி முதலாம் திகதியும் புதன். வருடம் முழுக்க ஒரு கிழமைகூடப் பிசகாது! இதை நானாவுக்கு மணலில் குச்சியால் எழுதி விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். அவ்வளவு கவனமாக அவரைக் கேட்கவிட்டிருக்கக் கூடாது என்பது பிறகுதான் விளங்கியது.

டயறி முழுவதும் வெள்ளையில்லை. ஜனவரி ஒன்பது வரை யாரோ ஒருவர் செலவுக் கணக்கு எழுதியிருந்தார். பச்சை மை, சாய்ந்த கையெழுத்து. "தேங்காய் 2 – 80." அதோடு கணக்கு நின்றுவிட்டது. வாழ்க்கையே நின்றதா, பேனைதான் நின்றதா தெரியாது. அவருக்குக் கீழே நான் என் நீல மையில் எழுதினேன்: "தேங்காய் 1 – 210." தென்னை முக்கோணம் என்று புவியியல் புத்தகத்தில் படிப்பிக்கிறார்களே, அதன் ஒரு மூலையே எங்கள் மாவட்டம். அந்த மூலையில் இருந்துகொண்டு பாதித் தேங்காயைத் துருவி, மற்றப் பாதியை உப்புத் தடவி மூடி வைத்தது எங்கள் வீடு.

எழுத்து என்று தொடங்கினால் ஆழமாக ஏதாவது எழுதவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. வாழ்க்கை, மரணம், காலம் என்று. பேனையை எடுத்தால் வருவதோ புளிதான். ஒரு நாள் இப்படி:

"பெப்ரவரி 9, ஞாயிறு. கீரிமீன் அரைக் கிலோ. கொறுக்காய் கூடிவிட்டது. பகல் பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போய்விட்டது. நாடு முழுக்க இல்லையாம். பாணந்துறையில் குரங்கு."

இலங்கைச் சரித்திரத்தில் அது பெரிய நாள். பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால் தீவே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். எங்கள் பக்கத்தில் யானை வாழைத் தோட்டத்தை மிதித்துவிட்டுப் போனால் அமைச்சர் வாயால் ஒரு சொல் வராது. இதை எழுதலாம் என்று பார்த்தேன். பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தைக் கொறுக்காய் பிடித்துக்கொண்டது.

அந்தக் கீரிமீன் வெந்த தாச்சியும் நானாவின் வண்டியில் கிடந்ததுதான். இரும்புத் தாச்சி, இருநூறு ரூபாய், கைபிடி ஒன்றுதான். வாங்கும்போது துரு பிடித்துச் செம்மண் நிறத்தில் இருந்தது. தென்னந்தும்பும் அடுப்புச் சாம்பலும் வைத்து மூன்று நாள் தேய்த்தேன். முதல் நாள் செம்பழுப்புத் தண்ணீர், இரண்டாம் நாள் தேத்தண்ணி நிறம், மூன்றாம் நாள்தான் இரும்பு முகத்தைக் காட்டியது. பிறகு அரிசி களைந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஊற்றி, தேங்காயெண்ணெய் தடவி, காய்ந்த தேங்காய்ப்பூவைக் கருக வறுத்து எடுத்தால் உள்பக்கம் கறுத்து மினுங்கும். 2022-இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் கட்டிய விறகடுப்பை நாங்கள் இன்னும் இடிக்கவில்லை. அதில் இந்தத் தாச்சியை வைத்து, கறிவேப்பிலையைப் பாய்போல விரித்து, அதன்மேல் கீரிமீனை அடுக்கி, மஞ்சள், கொச்சிக்காய்த்தூள், அரைத்த கொறுக்காய், உப்பு போட்டு, தண்ணீர் வற்றும்வரை அகப்பை படாமல் விட்டுவிடவேண்டும். கிளறினால் மீன் சம்பலாகிவிடும். அடியில் ஒட்டிய கறிவேப்பிலை மொறுமொறுவென்று பெயர்ந்து வரும். அது சமைத்தவனுக்கு. இந்தச் சட்டத்தை நான்தான் இயற்றினேன்.

இதன் செய்முறையை டயறியில் எழுதி வைத்திருக்கிறேன். "கொறுக்காய் – போன முறையைவிடக் குறைய." போன முறை எவ்வளவு என்று தேடினால், "கொறுக்காய் – வழமைபோல." இரண்டுக்கும் கீழே என் கையெழுத்துத்தான்.

டயறியின் முதல் பிழை மார்ச்சில் தெரிந்தது. மார்ச் 31 காலையில் முன்கடை நானா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. "பெருநாள் மாஸ்டர்!" டயறியைப் பார்த்தேன். நோன்புப் பெருநாள் ஜூலை 29 என்று போட்டிருந்தது. வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். முஸ்லிம்களுடைய வருடம் சந்திரனை மட்டும் பார்த்து நடப்பது. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தும். பதினொரு வருடத்தில் நாலு மாதம். ஆக டயறி பிழையில்லை, விதிவிலக்கு என்று தீர்ப்பெழுதினேன்.

ஏப்ரலில் டயறி மானத்தை மீட்டது. சித்திரைப் புத்தாண்டு 14 – சரி. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்காவிடம், "பெரிய வெள்ளி 18-ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு 20" என்று இந்தப் பழைய டயறியைப் பார்த்தே சொன்னேன். அவர் கோயில் கலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். இரண்டு வருடத்துக்கும் அச்சொட்டாக ஒரே திகதி! அன்றிலிருந்து எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது.

மே மாதம் மச்சான் வருவதாகச் சொன்னார். "திங்கட்கிழமை வா, கோழிக்கறி சமைக்கிறேன்" என்றேன். "திங்கள் வெசாக் எல்லோ? இறைச்சிக்கடை பூட்டியிருக்குமே" என்றாள் மனைவி. "14-ஆம் திகதி புதன்தான் வெசாக். அச்சில் இருக்கு" என்று டயறியைக் காட்டினேன். ஒழுங்கையெல்லாம் வெசாக் கூடு தொங்கியது. நேரத்தோடு கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ஞாயிறு இரவு வயல் வரம்பில் நின்று பார்த்தால் நிலவு தட்டுப்போல. "இன்னும் மூன்று நாள் இருக்கு, அதுக்குள்ள இவ்வளவு வெளிச்சமா" என்று நிலவைத்தான் சந்தேகித்தேன்.

மே 12 திங்கள் காலை புத்தளம் பஸ் ஏறினேன். கோழிக்கடைப் பூட்டைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரத் தம்பி, "சேர், இண்டைக்குப் போயா. வெசாக்" என்றான், சுகமில்லாத ஆளிடம் பேசுகிற குரலில். வேறு கடையிருக்கும் என்று நடந்தேன். எல்லாக் கதவிலும் அதே பூட்டு.

விஷயம் இதுதான்: போயா என்றால் பௌர்ணமி. பதினொரு வருடத்தில் 136 பௌர்ணமி வந்து முடிந்துவிடும், ஆனால் வருடம் முடிய இன்னும் கிட்டத்தட்ட இரண்டு நாள் மிச்சமிருக்கும். கிழமை ஒத்துப்போகும், நிலவு முந்திவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.53 நாள் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸைக் கொடி காட்டி மறித்தார்கள். தன்சல். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, அப்பளம், எல்லோருக்கும் இலவசம். இறங்கி வரிசையில் நின்றேன். ஒரு பொடியன், "இன்னும் போடுங்கோ ஐயாவுக்கு" என்று அள்ளி வைத்தான். வாழ்நாளில் இதைவிட மலிவாக ஒரு சாமான் எனக்குக் கிடைத்ததில்லை. வீட்டுக்கு வெறுங்கையோடு, நிறைந்த வயிற்றோடு வந்து சேர்ந்தேன். மச்சான் திண்ணையில் இருந்தார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தாச்சியை அடுப்பில் வைத்துக் கருவாடு பொரித்தாள். அடியில் ஒட்டிய கறிவேப்பிலையை அவருக்குப் போட்டாள்.

அதன்பிறகு டயறியில் எல்லாப் போயாவையும் இரண்டு நாள் முன்னுக்குத் தள்ளிச் சிவப்பில் திருத்தினேன். தீபாவளி 22 என்று இருந்ததை 20 ஆக்கினேன். சரியாக வந்தது. ஆனால் வீட்டில் யாரும் என்னிடம் நாள் கேட்பதில்லை. மனைவி கடைக்கலண்டர் ஒன்றை வாங்கிச் சமையலறையில் ஆணியடித்து மாட்டிவிட்டாள், நான் எட்டாத உயரத்தில்.

டிசம்பரில் நானாவின் குரல் கேட்டது. இந்த முறை நான் படலைக்குப் போகுமுன் அவரே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கையில் நீல மட்டை டயறி. 2015.

"அடுத்த வருசம் வியாழக்கிழமையில தொடங்குது மாஸ்டர். இதுவும் வியாழன். பதினொண்டும் மூணும் பதினாலு."

"எவ்வளவு நானா?"

"நானூறு."

"போன வருசம் அம்பதுதானே!"

"போன வருசம் இது பழைய பேப்பர்" என்றார் நானா.