வண்டி உயரம், பர்ஸ் மட்டம்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் பிக்கப் விவகாரம். சினிமா, அரசியல் கேள்விக்காரர்கள் அடுத்த வாரம் வரலாம். பெரிய டயர் ஆசைக்காரர்கள் மட்டும் முன்னால் வாருங்கள்.

பழைய ஃபோர்டு எஃப்-150 வாங்கியிருக்கிறேன். கையில் காசு குறைவு. முதலில் வண்டியைத் தூக்குவதா, டயர் வாங்குவதா? (டல்லாஸ் வாசகர்)

முதலில் டயர் சைஸை முடிவு பண்ணுங்கள். அந்த டயருக்கு இடம் பற்றாது என்றால் மட்டும், பற்றாத அளவுக்கு மட்டும் தூக்குங்கள். தூக்கிவிட்டு டயர் தேடுகிறவர், மண்டபம் பிடித்துவிட்டுப் பெண் தேடுகிறவர்.

6 இன்ச் தூக்கினால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே 6 இன்ச் கூடும்தானே? (திருச்சி வாசகர்)

ஸ்பிரிங் பக்கம் தூக்கினால் சேஸிஸுக்குக் கூடும். பின் ஆக்ஸில்? அது சக்கரத்தோடு சேர்ந்தது; ஸ்பிரிங்கை என்ன செய்தாலும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்தில்தான் தொங்கும். அதைத் தூக்க டயரால் மட்டுமே முடியும். அதுவும் டயர் 2 இன்ச் வளர்ந்தால் இது 1 இன்ச்தான் உயரும். வாத்தியார் ஆரம், விட்டம் நடத்தியபோது நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள் போல.

பாடி லிஃப்ட், சஸ்பென்ஷன் லிஃப்ட்: என்ன வித்தியாசம்? (மதுரை வாசகி)

முன்னது, சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை கொடுப்பது. செலவு குறைவு, டயருக்கும் இடம் கிடைக்கும்; ஆனால் பாறை வந்தால் சேஸிஸ் அதே பழைய உயரத்தில் போய் முட்டும். பின்னது சேஸிஸையே தூக்கும். கூடவே பில்லையும்.

நூறு டாலர் சுமாருக்கு லெவலிங் கிட் கிடைக்கிறதே, நம்பலாமா? (நியூஜெர்சி வாசகர்)

அது ஸ்ட்ரட் தலையில் வைக்கும் ஸ்பேஸர். பிக்கப்புகள் மூக்கு தாழ்ந்தே பிறக்கும். பின்னால் சுமை ஏற்றினால் சமமாகட்டும் என்ற ஏற்பாடு. சுமை ஏற்றாதவர் 2 இன்ச் வரை ஸ்பேஸர் வைத்து மூக்கை நிமிர்த்தலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் சிவி ஜாயின்ட்டின் கோணம் எகிறும், பால் ஜாயின்ட் பாடுபடும். கிட்டின் முழு விலை, ரப்பர் பூட் கிழிந்து வீலின் உள்பக்கம் கிரீஸ் தெறிக்கிற அன்றைக்குத் தெரியும்.

பின் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே ஒரு பிளாக் வைத்தேன். மேலே இன்னொன்று அடுக்கலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

கூடாது. பக்கத்துக்கு ஒரே பிளாக், அதற்கேற்ற நீளத்தில் புது யு-போல்ட். பழையது ஒருமுறை இறுகி நீண்டது, மறுபடி மாட்டாதீர்கள். சில நூறு மைல் ஓடியதும் டார்க் ரெஞ்சோடு குனிந்து இறுக்கிப் பாருங்கள். முன் ஆக்ஸிலில் பிளாக் வைக்கும் யோசனை இருந்தால், முதலில் இன்ஷூரன்ஸ் கட்டுங்கள், உயிருக்கு.

265/70ஆர்17. டயரில் எழுதியிருக்கும் இந்த ஜாதகத்தைக் கணித்துச் சொல்லுங்கள். (கும்பகோணம் வாசகர்)

அகலம் 265 மில்லிமீட்டர். அதில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 17 இன்ச் ரிம். ஆக மொத்த உயரம் சுமார் 31.6 இன்ச். அதே ரிம்மில் 285/70 என்றால் 32.7. இதைத்தான் கடைக்காரர் ‘முப்பத்து மூணு’ என்பார். பாக்கி 0.3 இன்ச் வாய்வழி அன்பளிப்பு.

அப்படி 265-ஐ 285 ஆக மாற்றினால் ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டுமா? (கோவை வாசகர்)

சுமார் 3.5 சதவீதம் குறைத்துச் சொல்லும். முள் 100-இல் நிற்கும். நீங்கள் 103-ஐத் தாண்டியிருப்பீர்கள். போலீஸ் ரேடாருக்கு உங்கள் டயர் கதை தெரியாது. ஓடிய தூரமும் குறைவாகவே பதியும். ஆகவே வண்டியை விற்கும்போது உங்கள் நேர்மைக்கு ஒரு பரீட்சை இருக்கிறது.

மைலேஜ் குறையுமா? வீட்டில் கேட்கிறார்கள். (சேலம் வாசகர்)

குறையும். டயரும் கனம், காற்றும் தடுக்கும். 35 இன்ச் வரை போனால் பிக்கப் மந்தமாகிவிடும். பழைய இழுவை வேண்டுமானால் ஆக்ஸில் கியரை 3.55-இலிருந்து 4.10-க்கு மாற்ற வேண்டியிருக்கும். ஃபோர் வீல் டிரைவில் முன்னும் பின்னும் இரண்டையும். அந்த பில்லுக்குப் பிறகு வீட்டில் கேட்க மாட்டார்கள். மாமனார் நேரில் வந்து கேட்பார்.

வண்டி மணலில் புதைகிறது. பெரிய டயர் போட்டால் தீருமா? (அபுதாபி வாசகர்)

இருக்கிற டயரில் காற்றை இறக்குங்கள். 35 பிஎஸ்ஐ-யை 15 ஆக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து மணல்மேல் ஏறி நடக்கும். ஐஸ்லாந்துக்காரர்கள் பனிமலைமேல் அகல டயரை 3, 4 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டுகிறார்கள். அந்த ஊர் ஆர்க்டிக் டிரக்ஸ் தயார் செய்த டொயோட்டா ஹைலக்ஸில்தான் டாப் கியர் டிவி நிகழ்ச்சிக் குழு 2007-இல் வட காந்தத் துருவம் தேடிப் போனது. தார் ரோடு ஏறுமுன் காற்றடிக்க ஒரு கம்ப்ரஸர் வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் வைத்தியத்தில் காற்றை இறக்குவதை மிஞ்ச ஆளில்லை: விற்பதற்கு ஒன்றுமில்லாததால் எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

முன்பக்கத்தை மட்டும் தூக்கி, பின்பக்கத்தை இறக்குவது ஸ்டைலாக இருக்கிறதே? (சார்லட் வாசகர்)

உங்கள் வட கரோலினாவே 2021-இல் அதற்குத் தடைச்சட்டம் போட்டது: முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட 4 இன்ச்சோ அதற்கு மேலோ உயரக் கூடாது. வர்ஜீனியா 2022-இலும் தென் கரோலினா 2023-இலும் பின்தொடர்ந்தன. காரணம் எளிது. பானெட் வானத்தைப் பார்த்தால், ரோட்டை யார் பார்ப்பது?

நம்மூரில் இதெல்லாம் செய்யலாமா? என்னிடம் இருப்பது இசுஸு வி-கிராஸ். (பொள்ளாச்சி வாசகர்)

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. கம்பெனி அளவுக்கு மாறாகக் கை வைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே, அல்லது இரண்டும். கம்பெனி அனுமதித்த சைஸிலேயே நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போடுங்கள். தென்னந்தோப்புக்குப் போக அது தாராளம்.

திருப்பத்தில் டயர் உரசுகிறது. வெட்டிவிடலாமா? (டொராண்டோ வாசகர்)

ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து, கறுப்புத் தடம் எங்கே என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் லைனர் என்றால் ஹீட் கன்னால் இளக்கி உள்ளே தள்ளலாம், கொஞ்சம் செதுக்கவும் செய்யலாம். பிரேக் ஹோஸ் என்றால் கத்தியைக் கீழே வையுங்கள். சாவியையும்.

நாலு டயர், கிட், கூலி: பட்ஜெட் போட்டாயிற்று. ஏதாவது விட்டுப்போச்சா? (சென்னை வாசகி)

ஐந்தாவது டயர். அந்தப் பெரிய ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் நுழைகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட். அப்புறம் ஹெட்லைட்டைத் தாழ்த்துவது. இல்லையென்றால் எதிரே வருகிறவர் உங்கள் குடும்பத்தையே விசாரிப்பார்.

உலகத்திலேயே பெரிய டயர் போட்ட பிக்கப் எது? (நெல்லை வாசகர்)

பிக்ஃபுட் 5. 10 அடி உயர டயர். அலாஸ்காவில் பரிசோதித்த அமெரிக்க ராணுவத்தின் தரை ரயிலில் (தண்டவாளம் இல்லாமல் டயரில் ஓடுவது) உருண்டவை அவை. உருவாக்கியவர் செயின்ட் லூயிஸ்காரர் பாப் சாண்ட்லர். தன் 1974 ஃபோர்டு எஃப்-250-இல் உடைந்த பாகத்துக்கெல்லாம் இன்னும் பெரிதாகப் போட்டுப் போட்டே மான்ஸ்டர் டிரக் வரை வந்தவர். ஒரு விஷயம்: அவர் அப்போது ஃபோர் வீல் டிரைவ் பாகக் கடை முதலாளி. நீங்கள் கஸ்டமர்.

இவ்வளவு பேசுகிறீரே மாமா, உம்ம வண்டி என்ன? (ஈரோடு வாசகர்)

டவுன் பஸ். உயரமாக உட்காரலாம், டயரும் பெரிசு. பஞ்சரானால் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்வேன்.